வாங்கிய பழைய பிக்கப் தகராறு செய்தால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறித் தாளவாடிக்குப் போகும்போது உரமும் மாட்டுத் தீவனமும், இறங்கும்போது முட்டைக்கோஸும் ஏற்றுகிற பிக்கப் வண்டிகளை வைத்துப் பிழைப்பு நடத்துகிறேன். எல்லாமே இன்னொருவர் ஓட்டித் தேய்த்த பிறகு நான் வாங்கியவை. ஒரே கோளாறு வெவ்வேறு வண்டிகளில் திரும்பத் திரும்ப வந்ததால், எதை முதலில் பார்ப்பது, எங்கே நிறுத்திக்கொண்டு மெக்கானிக்கை அழைப்பது என்று ஒரு வரிசை எனக்குள் உருவாகிவிட்டது. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றரை டன் சுமைக்கு அங்கும் இங்குமாக ஏற்றும் நான்கு சிலிண்டர் டீசல் பிக்கப்புகளுக்கு இது பொருந்தும். உங்கள் வண்டி, புகை அளவுக்கான அரசு விதிகளில் பிஎஸ்-4 வகையா (நாடு முழுவதும் 2017 ஏப்ரல் முதல்), பிஎஸ்-6 வகையா (2020 ஏப்ரல் முதல்) என்பதை ஆர்.சி. புத்தகத்தில் பார்த்துக்கொண்டு படியுங்கள், ஏனென்றால் சில சோதனைகள் வகைக்கு வகை மாறும். ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்ற வேண்டும். மூன்றை ஒரே நாளில் மாற்றிவிட்டு வண்டி சரியானால், எதனால் சரியானது என்பது கடைசிவரை தெரியாது.

## காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை

### ஸ்டார்ட்டர் சுற்றவில்லை, அல்லது சோம்பலாகச் சுற்றுகிறது

பேட்டரி முனைகளில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். கழற்றி, வெந்நீர் ஊற்றித் தேய்த்து, இறுக்கி மாட்டினாலே பாதி வண்டிகள் கிளம்பிவிடும். அடுத்து மல்டிமீட்டரை வைத்தால், இரவு முழுதும் நின்ற பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும், 12.2 வோல்ட் என்றால் பாதிதான் சார்ஜ் இருக்கிறது. சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியின் ஆயுள் முடிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம்.

பேட்டரி நன்றாக இருந்தும் ஸ்டார்ட்டர் முனகினால், ஸ்டார்ட்டரைக் கழற்றுவதற்கு முன் எர்த் வயரைச் சந்தேகப்படுங்கள். இன்ஜினையும் சேஸியையும் இணைக்கும் அந்தப் பின்னல் பட்டை, சேறும் ஈரமும் பட்டு உள்ளே அரித்துப்போயிருக்கும். வெளியில் பார்க்க ஒன்றும் தெரியாது. பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து இன்ஜின் உடம்புக்கு நேராக ஒரு ஜம்பர் கேபிளைப் பிடித்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்டார்ட்டர் துள்ளிச் சுற்றினால் குற்றவாளி எர்த் வயர்தான். மாற்றமே இல்லையென்றால் ஸ்டார்ட்டரைக் கழற்றி ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுக்கலாம்.

### ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

டேங்கில் டீசல் இருக்கிறதா என்பதை முள்ளை நம்பி முடிவு செய்யாதீர்கள். பழைய வண்டியில் முள் பொய் சொல்லும். அடுத்தது டீசல் ஃபில்டர். அதன் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி, வடிவதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, பத்து நிமிடம் அசையாமல் வைத்துவிட்டு வெயிலுக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். மேலே டீசல் வெளிறிய பொன்னிறத்தில் நிற்கும்; தண்ணீர் கலந்திருந்தால் அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்கு நிறமற்ற அடுக்கு தனியே தெரியும், பாட்டிலைச் சாய்த்தால் அந்த அடுக்கு பாதரசம் மாதிரி உருளும். இதைப் பார்த்துவிட்டால் ஃபில்டரை மாற்றுவதோடு டேங்கின் அடிமண்டியையும் வடித்தே ஆக வேண்டும். சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பொதுக் குழாய் வழியே உயர் அழுத்தத்தில் டீசல் தரும் காமன் ரெயில் அமைப்பின் பம்புக்குத் தண்ணீரைப் போல எமன் வேறில்லை.

தண்ணீர் இல்லையென்றால் காற்று. ஃபில்டருக்கு அருகிலுள்ள கைப்பம்பை அமுக்கிப் பாருங்கள். அது இறுகும்வரை அமுக்கிய பிறகு வண்டி உடனே பிடித்து, மறுநாள் காலையில் மறுபடி அடம் பிடித்தால், இரவில் எங்கோ காற்று புகுந்து டீசல் டேங்குக்குத் திரும்பிவிடுகிறது என்று பொருள். டேங்கிலிருந்து ஃபில்டர் வரையுள்ள ரப்பர் குழாய்களும் கிளிப்புகளும் நூறு இருநூறு ரூபாய் விஷயம். இதை விட்டுவிட்டுப் பம்பைக் கழற்றச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

குளிர் காலையில் மட்டும் தகராறு செய்தால் ஹீட்டர் பிளக்குகளைச் சோதிக்க வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஆர்.பி.எம். முள் கொஞ்சம்கூட அசையாமல் சுழியத்திலேயே படுத்திருந்தால் இன்ஜின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சாரோ அதன் வயரோ போயிருக்க வாய்ப்பு அதிகம். இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் இன்ஜெக்டர் பக்கம் போக வேண்டும். நான்கு இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் குழாய்களையும் தனித்தனிச் சிறு பாட்டில்களில் விட்டு, இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு (ஓடாவிட்டால் ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு), நான்கிலும் சேர்ந்த அளவை ஒப்பிடுவார்கள். ஒரு பாட்டில் மட்டும் மற்றவற்றைப் போல இரண்டு மடங்கு நிரம்பினால் அந்த இன்ஜெக்டர் உள்ளே கசிகிறது. இந்தச் சோதனையைச் செய்யத் தெரிந்த பட்டறையில் மட்டும் செய்யுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய பம்ப் வைத்த டீசல் வண்டிகளில், ஓடும் இன்ஜினில் ஒவ்வொரு டீசல் குழாயின் நட்டையும் தளர்த்தி எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்கும் வழக்கம் பெரிய மெக்கானிக்குகளின் கையில் ஊறிப்போனது. காமன் ரெயில் வண்டியில் அதை ஒருபோதும் செய்யக் கூடாது. அந்தக் குழாய்களில் அழுத்தம் 1,000 பாருக்கு மேலும் போகும். கண்ணுக்குத் தெரியாத டீசல் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். துளை ஊசி குத்தியது போலத்தான் இருக்கும், வலியும் முதலில் பெரிதாகத் தெரியாது, ஆனால் சில மணி நேரத்தில் விரலையே எடுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுபோகும். அப்படிப் பட்டுவிட்டால் மருந்துக்கடை களிம்பு போதாது, உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

## ஏற்றத்தில் இழுவை இல்லை

காலி வண்டியில் எந்தக் குறையும் தெரியாது. லோடு ஏற்றி மலை ஏறும்போதுதான் இரண்டாவது கியரை விட்டு மாற மறுக்கும். அதனால் பட்டறையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு "நல்லாத்தானே இருக்குதுங்க" என்று திருப்பித் தந்துவிடுவார்கள்.

ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பது முதல் வேலை. டீசல் ஃபில்டர் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பது தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள். பழைய உரிமையாளர் "போன மாதம்தான் போட்டேன்" என்று சொன்ன ஃபில்டர்களில் துருப்பிடித்தவற்றை நான் கழற்றியிருக்கிறேன். பிறகு நான்கு சக்கரங்களையும் கையால் தொட்டுப் பாருங்கள். சமதளத்தில் பத்து கிலோமீட்டர் ஓட்டிய பின் ஒரு டிரம் மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் பிரேக் பிடித்தபடியே வண்டி ஓடுகிறது. இன்ஜினைக் குறை சொல்லிப் பயனில்லை.

அதன் பிறகு, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் குழாய்கள். இந்த ஒன்றை மட்டும் என் அனுபவத்தோடு விரிவாகச் சொல்கிறேன். ஒரு வண்டி ஒன்பதாவது வளைவைத் தாண்டியதும் மூச்சு விட்டுவிடும், கரும்புகையும் கக்கும். இரண்டு பட்டறைகளில் காட்டினேன். ஒருவர் பம்ப் என்றார், இன்னொருவர் நான்கு இன்ஜெக்டர்களையும் மாற்ற வேண்டும் என்று வண்டி விலையில் நல்லதொரு பங்கைச் செலவாகச் சொன்னார். மூன்றாவதாக, சாலையோரம் டீக்கடைக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருந்த வயதான மெக்கானிக் ஒருவர், "பம்ப்பைத் தொடறதுக்கு முன்னால குழாயைத் தொட்டுப் பார்த்துடலாமுங்க" என்று கீழே படுத்தார். டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் தடித்த ரப்பர் குழாயின் அடிப்பக்கத்தில், கிளிப் கடித்த இடத்தை ஒட்டி, நகம் அகலத்துக்கு ஒரு பிளவு. இன்ஜின் ஐடிலில் ஓடும்போது அது வாயை மூடிக்கொள்ளும். லோடு விழுந்து டர்போ அழுத்தம் ஏறும்போது மட்டும் மீன் செவுள் மாதிரித் திறக்கும். சுற்றிலும் எண்ணெய்ப் புகையால் கறுப்பாக ஈரம் படிந்திருந்ததுதான் அடையாளம். குழாயை மாற்றியதோடு கதை முடிந்தது. அன்றிலிருந்து எந்த வண்டி இழுவை இல்லை என்று வந்தாலும், கைப்பேசி விளக்கை அடித்து அந்தக் குழாய்களின் அடிவயிற்றைத் தடவிப் பார்க்காமல் வேறு எதையும் கழற்றுவதில்லை.

குழாய்கள் நன்றாக இருந்தால், டர்போவின் காற்று உறிஞ்சும் பக்கக் குழாயைக் கழற்றி (இன்ஜின் முழுதும் ஆறிய பின்), உள்ளே இருக்கும் இறக்கையின் தண்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம் இருக்கலாம். ஆனால் இறக்கை சுவரை உரசினாலோ முன்னும் பின்னும் நகர்ந்தாலோ டர்போ முடிந்தது.

### பிஎஸ்-6 வண்டியில் எச்சரிக்கை விளக்கும் சேர்ந்து எரிந்தால்

புகை வடிகட்டியான டி.பி.எஃப். அடைத்துக்கொண்டிருக்கக்கூடும். ஊருக்குள்ளேயே நின்று நின்று ஓடும் வண்டிக்கு இது அதிகம் வரும், ஏனென்றால் உள்ளே சேர்ந்த கரியை எரித்துத் தள்ள அந்த வடிகட்டிக்குத் தொடர்ந்து சூடான ஓட்டம் தேவை. விளக்கு எரிந்த அன்றே புறவழிச்சாலையில் அரை மணி நேரம் நிறுத்தாமல், சற்றே உயர்ந்த ஆர்.பி.எம்.மில் ஓட்டுங்கள், பல நேரம் விளக்கு அணைந்துவிடும். அணையாவிட்டால் ஸ்கேனர் உள்ள பட்டறையில் கட்டாய எரிப்பு செய்ய வேண்டும். விளக்கைக் கவனிக்காமல் வாரக்கணக்கில் ஓட்டினால் வடிகட்டியையே மாற்ற நேரும், அது இந்த வண்டியின் மிக விலையுயர்ந்த பொருள்களில் ஒன்று.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் பாருங்கள். டிப்ஸ்டிக்கில் இன்ஜின் ஆயில் அளவு குறைவதற்குப் பதிலாக மேல் கோட்டையும் தாண்டி ஏறியிருந்தால், எரிப்புக்காகத் தெளிக்கப்படும் டீசல் ஆயிலில் கலக்கிறது. ஆயில் நீர்த்துப்போன இன்ஜினை லோடோடு ஓட்டக் கூடாது. ஆயிலை மாற்றிவிட்டு, எரிப்பு ஏன் முழுமை அடையவில்லை என்று பார்க்க வேண்டும். டி.பி.எஃப். உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைந்த, அதற்கென்றே வரும் ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். விலை மலிவு என்று பழைய வகை ஆயிலை ஊற்றுபவர்கள் அந்த மிச்சத்தைப் பல மடங்காக வடிகட்டிக்குக் கொடுக்கிறார்கள்.

## புகையின் நிறம் மாறிவிட்டது

கரும்புகைக்கு ஏறக்குறைய மேலே சொன்ன வரிசைதான்: ஏர் ஃபில்டர், டர்போ குழாய், புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வில் கரி, கடைசியாக இன்ஜெக்டர்.

வெண்புகை காலையில் இரண்டு நிமிடம் வந்து மறைந்தால் கவலை வேண்டாம். இன்ஜின் சூடான பிறகும் அடர்த்தியாக வந்து, கூலன்ட் தொட்டியிலும் அளவு குறைந்துகொண்டே போனால், தண்ணீர் சிலிண்டருக்குள் போகிறது. அடுத்த தலைப்பைப் படியுங்கள். கூலன்ட் குறையாமல் டீசல் நாற்றத்தோடு வெண்புகை வந்தால் ஏதோ ஓர் இன்ஜெக்டர் ஒழுங்காகத் தெளிக்கவில்லை.

நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. ஓடும் இன்ஜினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து தலைகீழாக அதே வாயின் மேல் வையுங்கள். மூடி லேசாக நடுங்கினால் சரி. குதித்துக் கீழே விழுந்தாலோ புகை குபுகுபுவென்று வந்தாலோ பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருக்கின்றன, அதற்கு அரை இன்ஜின் வேலையோ முழு வேலையோ தேவைப்படும். பழைய வண்டி வாங்கும்போது விலை பேசுமுன் நான் செய்யும் முதல் சோதனை இதுதான். மூடி அமைதியாக இருந்தும் நீலப்புகை வந்தால், டர்போவின் ஆயில் சீல் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தக் கசிவைத் தள்ளிப்போடக் கூடாது: கசியும் ஆயிலையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு இன்ஜின் தானாகவே வேகமெடுக்கும் ஆபத்து உண்டு, அப்போது சாவியை அணைத்தாலும் நிற்காது. அப்படி நேர்ந்தால் மேல் கியரைப் போட்டு, பிரேக்கை முழுதும் மிதித்துக்கொண்டு, கிளட்சை விட்டு இன்ஜினைத் திணறடித்து நிறுத்துவதுதான் வழி.

## ஏற்றத்தில் இன்ஜின் சூடாகிறது

முள் சிவப்புக்குப் போனால் ஓரம் கட்டி, ஏ.சி. இருந்தால் அணைத்து, இன்ஜினை நிறுத்தி, அரை மணி நேரம் காத்திருங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகத்தை வேகவைத்துக்கொண்டவர்களை எங்கள் ஸ்டாண்டில் காட்ட முடியும். கொதிக்கும் இன்ஜினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடும்.

ஆறிய பிறகு கூலன்ட் அளவைப் பாருங்கள். தொட்டியில் இருப்பது பச்சையாகவோ சிவப்பாகவோ இல்லாமல் செங்கல் கரைத்த நீர் போலிருந்தால், முந்தைய உரிமையாளர் வருடக்கணக்கில் கிணற்று நீரை ஊற்றியிருக்கிறார். ரேடியேட்டரின் உள் குழாய்கள் துருவால் பாதி மூடியிருக்கும் என்பதை அப்போதே எதிர்பார்க்கலாம். ஆனால் அதற்கும் முன்னால் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். வைக்கோலும் தீவன மூட்டைத் தூசியும் ஏற்றும் வண்டிகளில், இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலுள்ள சந்தில் கம்பளி போல ஒரு படலம் சேர்ந்து காற்றையே விடாது. இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, அழுத்தம் குறைந்த நீரால் கழுவினால் போதும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை நேராகப் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடிந்துவிடும்.

பெல்ட் தளர்வு, ரேடியேட்டர் மூடியின் ரப்பர் இரண்டும் அடுத்தவை. பிறகு ஃபேன். சூடான இன்ஜினை நிறுத்திவிட்டு, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். விஸ்கஸ் ஃபேன் என்றால் பிடித்துப் பிடித்துத்தான் சுற்ற வேண்டும். மின்விசிறி போல ஐந்தாறு சுற்று சுற்றினால் உள்ளிருக்கும் சிலிக்கோன் எண்ணெய் ஒழுகிவிட்டது. நடுக்குமிழைச் சுற்றி எண்ணெய்க் கறையும் தெரியும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கொதிநீரில் போட்டுத் திறக்கிறதா என்று பார்க்கலாம். அதைக் கழற்றித் தூர எறிந்துவிட்டு ஓட்டச் சொல்லும் யோசனை எங்கும் கிடைக்கும். ஆனால் தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் வேலைச் சூட்டுக்கே வராமல் டீசலைக் குடித்துக்கொண்டும், சிலிண்டரைத் தேய்த்துக்கொண்டும் ஓடும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் சூடானால், சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட். முழுதும் ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் சில நிமிடத்திலேயே சோடா மாதிரித் தொடர்ந்து குமிழிகள் வந்தாலும், ஆயில் மூடியின் அடியில் மோர் போலப் படிந்திருந்தாலும், அந்த நிமிடத்தோடு வண்டியை ஓட்டுவதை நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள். இந்த நிலையில் "சந்தை வரைக்கும் போய்விடலாம்" என்று ஓட்டியவர்கள் கேஸ்கட் செலவோடு முடிந்திருக்க வேண்டியதை ஹெட் மாற்றும் செலவாக்கிக்கொண்டார்கள். ஹெட்டைக் கழற்றினால் லேத்தில் கொடுத்து மட்டம் பார்க்காமல் திரும்ப மாட்ட விடாதீர்கள்.

## கிளட்ச் வழுக்குகிறது, கியர் விழ மறுக்கிறது

ஆர்.பி.எம். ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் சமதளத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரில், 1,500 ஆர்.பி.எம். வைத்துக் கிளட்சை விடுங்கள். இன்ஜின் உடனே அணைந்தால் கிளட்ச் நன்றாக இருக்கிறது. அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தால் பிளேட் தேய்ந்துவிட்டது. ஒரு முறைக்கு மேல் இதைச் செய்து பார்க்காதீர்கள், மீதியிருப்பதும் எரிந்துபோகும்.

கியர் விழ மறுத்து, மிதியை இரண்டு மூன்று முறை அடித்தால் மட்டும் விழுந்தால், கிளட்ச் ஆயில் அளவையும் அடியிலுள்ள சிலிண்டரில் கசிவையும் பாருங்கள்; அது சின்ன வேலை. மிதியை அமுக்கும்போது மட்டும் கீச்சென்று கேட்டால் ரிலீஸ் பேரிங். எதுவானாலும் கியர் பாக்ஸை இறக்கிவிட்டால், பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒன்றாகவே மாற்றிவிடுங்கள். உள்ளே ஆயில் ஈரம் இருந்தால் கிராங்க் பின் சீலையும் மாற்ற வேண்டும். பொருளின் விலையைவிட இறக்கி ஏற்றும் கூலியும் வண்டி நிற்கும் நாள்களின் நட்டமும்தான் பெரிது.

## பின்பக்கத்திலிருந்து சத்தம்

கிளம்பும்போதும் கியர் மாற்றும்போதும் "டக்" என்று ஒரு தட்டு கேட்டால் பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரோப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் மூட்டு. வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஷாஃப்ட்டைக் கையால் முறுக்கிப் பார்த்தாலே ஆட்டம் தெரியும். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் தரை அதிர்ந்தால் சென்டர் பேரிங். இரண்டும் ஒரு நாள் வேலை.

ஊளைச் சத்தம் வேறு. ஆக்சிலரேட்டரை அமுக்கும்போது ஒரு சுரத்திலும் காலை எடுக்கும்போது வேறொரு சுரத்திலும் ஊளையிட்டால் பின் ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன் வீல், பினியன் என்ற பல்சக்கரங்கள் தேய்ந்திருக்கின்றன. காலின் அழுத்தம் எதுவானாலும் ஒரே மாதிரி உறுமி, வளைவில் மட்டும் சத்தம் கூடிக் குறைந்தால் வீல் பேரிங். ஆக்சில் ஹவுசிங்கின் ஆயிலைச் சுத்தமான தட்டில் வடித்து வெயிலில் பாருங்கள். ஜிகினா மாதிரி மின்னும் தூள் கொஞ்சம் இருப்பது இயல்பு, விரலில் நெருடும் துணுக்குகள் இருந்தால் கிரவுன் வேலை தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். அந்த இரண்டு பல்சக்கரங்களையும் எப்போதும் ஜோடியாகவே மாற்ற வேண்டும், பல்லிடைவெளியை அளந்து பூட்டவும் வேண்டும். குத்துமதிப்பாகப் பூட்டியது ஆறு மாதத்தில் திரும்ப ஊளையிடும்.

பின்சக்கர டிரம்முக்குள் ஆயில் கசிந்தால் ஆக்சில் சீலை மாற்றும் முன், ஹவுசிங்கின் மேலிருக்கும் சிறு காற்றுத் துளையான பிரீதரைப் பாருங்கள். சேறு அடைத்துக்கொண்டால் உள்ளே சூடாகும் காற்றுக்கு வேறு வழியில்லாமல் சீலைத் தள்ளிக்கொண்டு ஆயில் வரும். புது சீலும் அடுத்த மாதமே கசியும்.

## வண்டி ஒரு பக்கம் சாய்கிறது, அல்லது கோணலாக ஓடுகிறது

பழைய பிக்கப் வாங்கியவர்கள் எல்லோரும் இன்ஜினைப் பற்றித்தான் என்னிடம் கேட்கிறார்கள். எனக்கோ இன்ஜினைவிட அடிப்பகுதிதான் பயம், ஏனென்றால் ஒன்றரை டன்னுக்கு வடிவமைத்த வண்டியில் மூன்று டன் ஏற்றியவர் இன்ஜினுக்கு மறக்காமல் ஆயில் மாற்றியிருப்பார், சேஸிக்கு என்ன செய்திருக்க முடியும்?

காலி வண்டியைச் சிமென்ட் தளத்தில் நிறுத்தி, டயர் காற்றைச் சமமாக்கி, இரு பக்கமும் சக்கரத்தின் நடுவிலிருந்து அதற்கு மேலுள்ள பாடி விளிம்பு வரை அளந்து பாருங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தால், வண்டியைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங் பட்டைகளில் ஒன்று உடைந்திருக்கும். விரிசல் பெரும்பாலும் சென்டர் போல்ட் துளையை ஒட்டியோ, மெயின் பட்டையின் கண்ணிலோ இருக்கும். மண்ணெண்ணெய் தடவித் துடைத்தால் விரிசலில் ஈரம் நின்று காட்டிக்கொடுக்கும்.

பின்னால் வரும் வண்டிக்காரர் "உங்க வண்டி நண்டு மாதிரி போகுதுங்க" என்றால் சென்டர் போல்ட் அறுந்து ஆக்சில் நகர்ந்திருக்கிறது. ஒரு தாம்புக்கயிற்றை எடுத்து முன்சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து பின்சக்கரத்தின் நடுப்புள்ளி வரை வலப்பக்கம் அளந்து முடிச்சுப் போட்டு, அதே முடிச்சை இடப்பக்கம் வைத்துப் பாருங்கள். முடிச்சு இடம் மாறினால் பட்டை கட்டும் கடைக்கு மெதுவாகப் போய்ச் சேருங்கள். புதிதாகக் கட்டிய பிறகு யு-போல்ட்டுகளைச் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்க வேண்டும். அதைச் செய்யாததால்தான் அடுத்த சென்டர் போல்ட்டும் அறுகிறது.

கூடுதல் பட்டை போட்டால் அதிகம் ஏற்றலாம் என்று நினைக்காதீர்கள். பட்டை வளையாது என்பது உண்மை, அந்த வளைவை அதன் பிறகு சேஸி ஏற்றுக்கொள்ளும். பின்பட்டை மாட்டும் பிராக்கெட்டைச் சுற்றியும், கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவிலும் சேஸியைப் பாருங்கள். மற்ற இடமெல்லாம் மண் படிந்திருக்க அங்கே மட்டும் புதுக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால், திருப்புளியால் சுரண்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். நான் சுரண்டிய ஒரு வண்டியில் பெயின்ட்டுக்குக் கீழே எம்-சீல், எம்-சீலுக்குக் கீழே ஒரு விரல் நீள விரிசல். சேஸி விரிசலைத் தெருவோர வெல்டிங்கில் பற்றவைப்பது நிரந்தரத் தீர்வு ஆகாது. பற்றிய இடத்துக்கு அடுத்த அங்குலத்தில் மறுபடி பிளக்கும். வாங்குவதற்கு முன் என்றால் விட்டுவிடுங்கள், வாங்கிவிட்டீர்கள் என்றால் சேஸி வேலை மட்டுமே செய்யும் பாடி பில்டரிடம் போங்கள்.

## பிரேக்கில் சந்தேகம்

இங்கே சோதித்துப் பார்ப்பது மட்டும் நம் வேலை. பழுது பார்ப்பதைத் தொழில் தெரிந்தவரிடம் விட வேண்டும்.

மிதியை அமுக்கிப் பிடித்திருக்கும்போது அது மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது, அல்லது எங்கோ கசிகிறது. வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். மிதி கல் மாதிரி இருந்தால், இன்ஜினை அணைத்து நான்கைந்து முறை மிதித்துவிட்டு, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி சற்றே கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் வாக்கம் குழாயில் வெடிப்பைத் தேடுங்கள், அது கிடைக்காவிட்டால் வாக்கம் பம்ப். ஒரு பக்கம் இழுத்தால் முதலில் முன் டயர்களின் காற்றை அளந்து சமமாக்குங்கள்.

மலை இறங்கியதும் மட்டும் மிதி பஞ்சு மாதிரி ஆனால், பிரேக் ஆயில் பழசாகி ஈரம் இழுத்துக் கொதிக்கிறது. அந்த ஆயில் காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும், அதனால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுதும் மாற்ற வேண்டும். ஓட்டும் முறையிலும் குறை இருக்கலாம்: எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்பதை டிரைவருக்குச் சொல்லுங்கள்.

## ஸ்டியரிங் ஆடுகிறது

60 கிலோமீட்டர் வேகத்தைச் சுற்றி மட்டும் நடுங்கினால் வீல் பேலன்ஸ். ஒரு குழியில் இறங்கிய பிறகு ஸ்டியரிங் தலைவிரித்து ஆடி, வண்டியை ஏறக்குறைய நிறுத்தினால்தான் அடங்கும் என்றால், முனை மூட்டுகளோ, கிங் பின்னோ, முன்பக்க அமைப்பைப் பொறுத்து பால் ஜாயின்ட்டோ தேய்ந்திருக்கின்றன. ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் கொஞ்சம் கொஞ்சமாக அசைக்க, இன்னொருவர் கீழே உட்கார்ந்து எந்த மூட்டு முதலில் தாமதிக்கிறது என்று பாருங்கள். அந்த மூட்டை மாற்றிவிட்டு அலைன்மென்ட் பார்த்தால் போதும்.

## இரவில் பேட்டரி இறங்கிவிடுகிறது

வண்டி ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது. அப்படியும் இறங்கினால் பாட்டுப் பெட்டி, அலங்கார விளக்கு, கூடுதல் ஹார்ன் என்று முந்தைய உரிமையாளர் இழுத்த வயர்கள்தான் காரணம். எல்லாவற்றையும் அணைத்துப் பூட்டி, சிறிது நேரம் கழித்து, நெகட்டிவ் வயருக்கும் முனைக்கும் நடுவே மீட்டரைத் தொடராக இணைத்தால் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எது எடுத்ததும் அளவு விழுகிறதோ அந்த வழியில்தான் கசிவு.

## பட்டறைக்கு வெளியே வரும் செலவு

வண்டி விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டவர்கள் முதல் ஆண்டிலேயே தடுமாறுவதற்குக் காகிதங்கள்தான் காரணம். எட்டு வயதுவரை சரக்கு வண்டிக்கு எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. அதற்கு மேல் ஆண்டுதோறும். எனவே ஏழரை வயது வண்டியை மலிவாக வாங்கினால், பெயின்ட், டயர், ஒளிரும் ஸ்டிக்கர், பிரேக் என்று எஃப்.சி.க்கான செலவு இனி ஒவ்வோர் ஆண்டும் வரும் என்பதை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். வயதான வண்டிக்குப் பசுமை வரியும் உண்டு. 7,500 கிலோ மொத்த எடைக்கு உட்பட்ட வாடகைச் சரக்கு வண்டிக்கான மூன்றாம் நபர் காப்பீடு 2022 ஜூனில் நிர்ணயித்தபடி 16,049 ரூபாய், வரி தனி. இந்த எடைக்குள் வரும் வண்டியை இலகு ரக உரிமம் உள்ளவர் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தெளிவாக்கிவிட்டதால், டிரைவரிடம் வாடகை வண்டி ஓட்டுவதற்கான தனி அனுமதியான பேட்ஜ் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக இழப்பீடு மறுக்கப்படுமோ என்ற பழைய பயம் நீங்கியது.

அதிகச் சுமைக்குச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். பழைய உரிமையாளர் வாங்கிய இ-சலான்கள் வண்டி எண்ணோடு ஒட்டிக்கொண்டே உங்களிடம் வரும்; பரிவாகன் தளத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்து, நிலுவையையும் கடனுக்கான ஹெச்.பி. குறிப்பையும் அவர் தீர்க்கும்வரை முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

பழுதுக்கென்று ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 3 ரூபாயைத் தனியே எடுத்து வைக்கிறேன். டயர், கிளட்ச், பட்டை, ஆயில் எல்லாம் அதற்குள் அடங்கும்; ஹெட் வேலையோ டர்போவோ வந்த ஆண்டில் மட்டும் கையைக் கடிக்கும். எஃப்.சி. மாதத்துக்கு முந்தைய மாதத்திலேயே சக்கரங்களைக் கழற்றி பிரேக், வீல் பேரிங், ஆக்சில் சீல் மூன்றையும் ஒரே கூலியில் பார்த்துவிடுவது என் வழக்கம்.